தண்ணீர் காட்டாத வாளி

ரியாதிலிருந்து வந்த பெட்டியில்
பால்மாவும் கோடாலித் தைலமும் போக
ஒரு மாத்திரைப் பட்டை.
மாத்திரை தீர்ந்த பத்துக் குழிகளில்
குழிக்கொன்றாய் விதை, ஒன்றில் மட்டும் இரட்டை,
மேலே செல்லோ டேப்.
குஸாமா, என்றார் மச்சான் குரல்பதிவில்.
ஒரு மழை விழுந்தால் போதும்,
பாலைவனம் ஊதாவாகிவிடும் என்றார்.
நான்கு நிமிடப் பதிவில்
மூன்று நிமிடம் காற்றுச் சத்தம்.

முதலில் மணல் வேண்டும்.
வெண்ணாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
ஒரு வாளி மணலுக்கு நான் பட்ட பாடு.
ஆற்றில் அள்ளினால் வழக்கு.
கூத்தாநல்லூர்க் கடையில் கேட்டால் எம்-சாண்ட்.
பாலத்தடியில் ஆடு மேய்க்கிறவன்
அரிசிப் பையில் அரைப்பை தந்து
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்;
யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.
அங்கே அவர்
தினமும் ஷூவைக் கவிழ்த்துக் கொட்டுகிறார் இதை.

எங்கள் மண் களி.
ஒருமுறை குடித்துவிட்டால்
உறவுக்காரனுக்குக் கொடுத்த கடன் மாதிரி
திரும்பி வராது.
அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளி,
செங்கல் சில்லு, மேலே மணல்.
மார்கழியில் ஊன்றினேன்.
மறுநாளே புயல்சின்னம் என்றது டிவி.
மூன்று நாளும் வாளியைக்
கட்டிலுக்கடியில் வைத்துத் தூங்கினேன்.
இந்த ஊரில் செடிக்கு மழை படாமல் காத்த
ஒரே பைத்தியம் நான்.

ஒன்பது அழுகின.
முளைத்த இரண்டில் ஒன்றைச்
செண்பகவல்லி அக்கா கொன்றார்.
கொன்றார் என்பது பெரிய சொல்.
ஒரத்தநாட்டுக் கல்யாணத்துக்கு நான் போன சமயம்
வாடிக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல்
அரிசி களைந்த தண்ணீர் ஊற்றியிருக்கிறார்,
காலையும் மாலையும்.
நாற்பது வருஷம் நடவுக்குப் போனவர்.
காய்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு.
இங்கே யாருக்குத் தெரியும்?

மிஞ்சிய ஒன்றுக்கு நான் செய்தது
ஒன்றும் செய்யாததுதான்.
அஸருக்கு ஒளுச் செய்த கையை
அதன் மேல் உதறாமல் கடப்பது.
விரலை மணலில் இரண்டு கணு இறக்கி
ஈரம் தட்டினால் எழுந்து போய்விடுவது.
எட்டு நாளைக்கொருமுறை
இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி.
இலை சுருளும். நெஞ்சு அடித்துக்கொள்ளும்.
விடிந்தால் நிமிர்ந்திருக்கும்.

உன்ன மாதிரியே இருக்குது புள்ள, என்று
செண்பகவல்லி அக்கா ஆரம்பித்தார்.
இரண்டு வருஷத்துக்கொருமுறை
ஐம்பது நாள் லீவு என்று கணக்கெல்லாம் போட்டார்.
வேண்டாம் என்றேன்.
செடி செடியாக இருக்கட்டும்.
எனக்குத் தாகமெடுத்தால் நான் கேட்பேன்.

மாசி பாதியில் பூத்தது.
நான்கு இதழ்.
கத்தரிப்பூவை நாலு தரம் துவைத்துக்
காயப்போட்ட நிறம்.
முட்டி போட்டுக் குனிந்தால்தான் மணம்.
ஷிஃப்ட் முடிந்து அவர் வர இரவு பதினொன்று.
டார்ச் அடித்துக் காட்டினேன்.
நெட் சிக்கி
அவர் முகம் பாதியில் உறைந்து நின்றது வெகுநேரம்.
பிறகு குரல் மட்டும் வந்தது:
"இங்க இத ஒட்டகம் திங்கும்."
சிரித்தோம். அன்றைக்கு அவ்வளவுதான்
பேச முடிந்தது.

பங்குனியில் காய்ந்தது.
இம்முறை யாரும் கொல்லவில்லை,
அதன் ஆயுசே அவ்வளவு.
காய்கள் தட்டையாய், வட்டமாய்,
செல்லாத நாலணாக்கள்.
எண்ணினேன், முப்பத்தாறு.
மாத்திரைப் பட்டையின் குழிகள் போதாமல்
தைல டப்பாவைக் கழுவித் துடைத்துப் போட்டேன்.
எத்தனை துடைத்தும் வாசனை போகவில்லை.

ஆனியில் தண்ணீர் வந்தது வெண்ணாற்றில்,
நுரையும் சருகும்
ஓர் ஒற்றைச் செருப்பும் முன்னே வர.
செண்பகவல்லி அக்கா
மடி நிறையப் பூவோடு ஓடினார்.
நான் வெறும் வாளிக்குப் பக்கத்தில்
குவளையோடு நின்றேன்.
மணலுக்குள் உதிர்ந்தது ஏதும்
கிடக்கிறதோ என்னவோ.
ஊற்றவில்லை.