மெழுகுக் கட்டை 2214

"சாதுக் கட்டி" என்றார் டாக்டர்,
இரண்டு வருடம் முன்பு, மண்டையைத் திறந்து மூடியபின்.
சாது மிரண்டால் என்று வீட்டுக்காரர் தொடங்க
நான் முறைத்தேன்.
காடு வரை போகாமல் நிறுத்திக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாகப் பாலிசி பிடிக்கிறவள் நான்.
செல்லூர், தத்தனேரி, ஆரப்பாளையம் என்று
கதவு கதவாக மரணத்தை
அந்தச் சொல்லைச் சொல்லாமல் விற்றவள்.
"ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா" என்பேன்.
அந்த ஏதாவதுக்கு
வயதுவாரியாக ஓர் அட்டவணை
என் பைக்குள் மடித்திருக்கும்.

திரும்ப வருமா என்று கேட்டேன்.
முன்பெல்லாம் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்போம்,
செல் எவ்வளவு வேகமாய்ப் பிரிகிறது என்று எண்ணுவோம்.
இப்போது உள்ளே எழுதியிருப்பதையே வாசிக்கலாம்.
எடுத்ததில் ஒரு துண்டு மெழுகில் இருக்கும்,
வாங்கி பெங்களூருக்கு அனுப்புங்கள் என்றார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
மெஹ்ராஜ் பானு என்ற பெண் இழுப்பறையை இழுத்தாள்.
2214. தவமணி. பெ. 47.
தீப்பெட்டியில் பாதி. வெள்ளை மெழுகு.
நடுவில் அவரைக்கொட்டை அளவுக்குப்
பழுப்பாக நான்.

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறி
மடியில் வைத்துக்கொண்டேன்.
ஏ.வி. பாலத்தில் நெரிசல், வெயில்.
உருகிவிடுமோ என்று முந்தானையால் மூடினேன்.
தலைக்குள் இருந்தபோது
இவ்வளவு கவனித்ததில்லை.

சிம்மக்கல் கூரியர்க்காரன் கேட்டான், உள்ள என்னக்கா?
மெழுகு.
மதிப்பு எவ்வளவு போட?
ஆளுக்கு ஆள் மதிப்புப் போட்டே பிழைத்தவள்
வாயடைத்து நின்றேன்.
அவனே நூறு ரூபாய் என்று எழுதிக்கொண்டான்.

மூன்று வாரம்.
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
கமிஷன் மண்டி சோலைராஜிடம்
இருபது வருடப் பாலிசி ஒன்று பேசி முடித்தேன்.
பேனாவை வாங்கியபின் கேட்டார்:
"இருபது வருஷம் இருப்பமாக்கா?"
எப்போதும் சொல்லும் பதில் நாக்கில் இருந்தது.
சொல்லவில்லை.
அவராகவே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அறிக்கை பதினொரு பக்கம்.
பயப்படவேண்டிய இரண்டு இடத்திலும்
எழுத்துப் பிழை இல்லையாம்.
மரபணுமேல் பென்சிலால் வைத்ததுபோல
மீத்தைல் என்று சின்னச் சின்னக் குறிகள்;
அவற்றை வைத்து
கட்டி எந்தக் கூட்டம் என்று கம்ப்யூட்டர் சொல்லும்.
என்னுடையது நடுக்கூட்டம்.
அப்புறம், முதல் குரோமோசோமில்
குட்டைக் கை ஒன்றைக் காணவில்லை.
சீட்டாடுகிறவர்கள் சொல்வதுபோல
ஒரு கை குறைகிறது.

ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு முப்பது.

இதே எண்ணைக் காட்டி
எத்தனை பேரைப் பயமுறுத்தியிருக்கிறேன்.
எழுபது என்று திருப்பிப் போட்டு
எத்தனை பேரைத் தூங்கவைத்திருக்கிறேன்.
அன்று ராத்திரி
நூறு தவமணிகளை வைகை மணலில் நிறுத்திப் பார்த்தேன்.
எல்லார் தோளிலும் அதே ரெக்சின் பை,
எல்லார் காதுக்குமேலும் அதே தழும்பு.
முப்பது பேர் யாரென்று கேட்டால்
ஒருத்தியும் கை தூக்கவில்லை.
எந்தக் கம்பெனியும் இனி
நூறு பேரையும் எடுக்காது.

கதிர்வீச்சு இப்போது வேண்டாம்,
ஸ்கேன் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒன்று, என்றார்.
அரையாண்டுத் தவணை, என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

மிச்சக் கட்டை திரும்பி வந்தது,
சீவி எடுத்ததில் கொஞ்சம் இளைத்து.
பீரோவில் பாண்டுகளோடு வைக்க மனசு வரவில்லை.
சித்திரை வெயிலுக்குப் பயந்து
ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தண்ணீர் எடுக்கத் திறந்த மகன்,
"என்னம்மா, கற்பூரத்தைப் போயி இங்க வச்சிருக்க?"

கற்பூரம்னா மிச்சமில்லாமப் போயிருக்கும்டா.
கதவைச் சாத்து,
குளிர் போகுது.