முப்பத்தெட்டுப் படி

திறந்து பதினொரு நாள் ஆகிவிட்டது,
இன்றுதான் வர முடிந்தது.
கால்வாயின் நாற்றம் மட்டும் பழையது.
மற்றதெல்லாம்
கைபட்டால் ஒட்டும் புது மஞ்சள்.

ஏறும்போதே எண்ணினேன்.
பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாகப்
பிறர் ரத்தத்தின் அணுக்களை எண்ணுகிறவள்,
எண்ணாமல் எதையும் கடக்கத் தெரியாது.
பழைய பாலத்துக்கு நாற்பத்தொரு படி.
இதற்கு முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பதாவதற்குத் தூக்கிய கால்
அந்தரத்தில் ஒரு கணம் யோசித்துத்
தளத்தில் தொப்பென்று விழுந்தது.
"பாத்துக்கா" என்று
பின்னால் வந்த பையன் தாண்டிப் போனான்.

புயலடித்த டிசம்பரில்
ஒரு தூண் அரை அடி இறங்கிவிட்டதென்று
இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள்.
இரண்டரை வருடம்
ரயிலைப் பார்த்துக்கொண்டே
மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றினோம்.
இப்போது தகரம் போய்ப்
பால் நிறத் தகட்டில் கூரை.
இரு பக்கமும் கம்பி வலை,
யாரும் இனி பூசை மாலையைக்
கால்வாயில் வீச முடியாது.
வலையில் அதற்குள் ஒரு சாமந்தி சிக்கியிருக்கிறது.

"இங்கு நிற்கக் கூடாது" என்று
பத்தடிக்கு ஒரு பலகை.
இரண்டாவது பலகைக்குக் கீழே
கூடையோடு அம்சவேணி.
"நிக்கத்தானே கூடாதுன்னு போட்டுக்கீது?
நான் குந்திக்கினுல்ல கீறேன்."
வெள்ளரிப் பிஞ்சு நாலு பத்து ரூபாய்,
அப்போது ஆறு.

நாலே முக்காலுக்கு மழை பிடித்தது.
இரு கரையிலிருந்தும் ஓடிவந்து
பலகைகளுக்கு முன்னால் நின்றார்கள் எல்லோரும்.

பழைய கூரையில் மழை என்றால்
ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆணி அடிப்பது.
வாய் அசையும், சொல் வராது.
அந்தச் சத்தத்தின் தைரியத்தில்தான்
ஒரு நவம்பர் மாலை
ஜெபராஜிடம் ஒன்று சொன்னேன்.
"என்னது?" என்று காதைக் காட்டிக் குனிந்தான்.
தலையில் மழையும் தேங்காயெண்ணெயும் மணந்தன.
"ஒண்ணுமில்ல,
மழ விட்டா ஏழு பத்து வண்டி கெடைக்கும்"
என்று கத்தினேன்.
கிடைத்தது.
பிறகு தாம்பரம் தாண்டி
வீடு கட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி.

இந்தக் கூரையில்
மழை கண்ணுக்குத்தான் பெய்கிறது,
பஞ்சு மூட்டைமேல் கடுகு கொட்டினாற்போல.
எல்லார் பேச்சும் எல்லார் காதிலும்.
சீட்டுப் பணம் கட்டாத யாரையோ
ஒருத்தி போனில் தாளித்துக்கொண்டிருக்கிறாள்.
"மழ பெஞ்சா கால்வா நனையுமா?" என்கிறது ஒரு குழந்தை,
பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.
கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவன்
"சீட்லதான் சார் இருக்கேன்,
சிஸ்டம் முன்னாடிதான்" என்கும்போது
நீளமாக ஊதியபடி வந்தது ரயில்.
ஒரு கையால் போனை மூடி
மறு கையால் எங்களைக் கும்பிட்டான்.
சீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள்.
அடக்க முடியாமல் பாலமே குலுங்கிற்று.
புதுத் தூண்கள் தாங்கின.

சிரிப்பு அடங்கியதும்
இந்த அமைதியில் அது எப்படிக் கேட்கும் என்று
அன்று சொன்னதை ஒருமுறை
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டே சொல்.
அம்சவேணி நிமிர்ந்தாள்.
"மொளகாப்பொடி போடவா?"
"போடு" என்றேன்.

மழை விடவில்லை,
ஆனாலும் இறங்கினேன்.
அந்தப் பக்கம் நாற்பது படி.
கரை தாழ்ந்திருக்கலாம்,
நான் தவறவிட்டிருக்கலாம்.
திரும்ப ஏறி,
வாயில் காரத்தோடு,
நனைந்துகொண்டே
இன்னொரு முறை எண்ணினேன்.
நாற்பதுதான்.