கிறுகு

வேலைக்கு எடுக்கும்போது மேகராசா கேட்டது
ஒரே ஒரு கேள்வி:
பஸ்ஸில போனா உங்களுக்குச் சத்தி வருமா?
வரும் என்றேன். பதுளை வீதியில்
கரடியனாறு தாண்டமுதல் வரும்.
அப்ப நாளைக்கே வாங்க, என்றான்.

கல்லடியில், மருந்துக் கடைக்கு மேல்மாடி.
தரையில் சிவப்பு டேப் ஒட்டிய சதுரம்,
மூன்று மீற்றருக்கு மூன்று.
இந்த வருடம் நான் நடந்த தூரமெல்லாம்
அதற்குள்தான்.

ஹெட்செட்டை மாட்டினால் பாலம்.
புதியதல்ல, பக்கத்தில் கிடக்கிற பழைய இரும்புப் பாலம்,
ஆணி ஆணியாக மேகராசா அளந்து செய்தது.
குமிழைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால்
பாலம் எனக்குக் கீழால் போகும்.
போகிறோம் என்று கண் சொல்லும்.
பொய் என்று சொல்லும் காதுக்குள் இருக்கிற நீர்மட்டம்.
இரண்டும் சண்டை பிடிக்க
விலக்குப் பிடிக்கப் போன வயிறு
அடி வாங்கும்.

பூச்சியத்திலிருந்து பத்துவரை
நான் நம்பர் சொல்லவேண்டும்.
கொப்பியில் எழுதுவது மசாஹிறா.
அவளுக்கு நாலு மாதம், ஹெட்செட் போடத் தடை.
ஆறு, என்றேன் முதல்நாள்.
எனக்கு இது ஒண்டும் போடாமலே ஏழு, என்றபடி
ஆறு என்று எழுதினாள்.

ஒரு கிழமை தாவிப் பார்த்தோம்.
கையை நீட்டினால் ஒரு வளைகோடு
தூண்டில் எறிந்தமாதிரி.
விழுந்த இடத்தில் பச்சை வட்டம்.
விரலை விட்டால் அங்கே நிற்பேன்.
பூச்சியம். சுத்தமான பூச்சியம்.
ஆனால் எட்டே தாவலில் பாலம் முடிந்துவிட்டது.
நடுவில் நண்டுக்காரன் ஒருத்தனை
இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்து வைத்திருந்தானாம்.
நான் காணவேயில்லை.
மேகராசா அன்று சாப்பிடப் போகவில்லை.

மறுகா, ஓரங்களை இருட்டாக்கினான்.
நடக்கும்போது மட்டும் பார்வை சுருங்கும்,
கச்சான் சுருளுக்குள்ளால் பார்ப்பதுபோல.
நின்றால் விரியும், வாவி முழுக்கத் திரும்பி வரும்.
ஓரடி வைத்தால் வாவி இல்லை.
நாலு.

மறுகா, மூக்கு.
பார்வைக்குக் கீழே நடுவில் ஒரு மூக்கை வரைந்தான்.
நாங்கள் கவனிப்பதில்லையே தவிர
அது எப்போதும் அங்கேதான் கிடக்கிறது,
கண் பிடித்துக்கொள்ள ஒரு கரை.
நல்ல யோசனை. ஆனால் அது அவனுடைய மூக்கு.
மூன்று. சிரித்ததற்கு ஒன்று கூட்டி
நாலு.

நின்ற இடத்தில் கைவீசினால் பாலம் நகரும்
என்றும் ஒரு முறை.
நான் வீசிய வீச்சில்
பிளேன்ரீ கொப்பிக்கு மேல் ஊற்றிப்போனது.
அந்தப் பக்கத்து நம்பர்களை
யாரும் கேட்கவேண்டாம்.

எல்லாவற்றிலும் பொல்லாதது திரும்புவது.
நாங்கள் அதைத் திரும்புவது என்று சொல்வதில்லை.
சந்தியில கிறுகு. இடக்கைப் பக்கம் கிறுகு.
இரண்டு தரம் சொன்னால் கிறுகிறு,
தலைச்சுற்றும் அதே சொல்தான்.
குமிழால் வழுக்கி வழுக்கிக் கிறுகினால்
ஒன்பது, வாளி.
முப்பது பாகை, முப்பது பாகையாய்
வெட்டி வெட்டிக் கிறுகினால்
இரண்டு.
இமைக்கிற நேரத்துக்குள் உலகம் ஒரு துண்டு நகர்ந்திருக்கும்,
நகர்த்தியது யாரென்று காதுக்குத் தெரியாது.

தெரிவுப் பட்டியலுக்குத் தமிழ் கேட்டார்கள்.
'திருப்பம்' என்று இருந்ததை வெட்டிவிட்டு
'கிறுகு' என்று எழுதினேன்.
கொழும்பிலிருந்து ஒருவர் எடுத்தார்:
தங்கச்சி, இது எழுத்துப் பிழையா?

கடைசிக் கிழமை, ஒரே ஒருக்கா என்று
மசாஹிறா கதிரையில் இருந்தபடி போட்டாள்.
நடை இல்லை, தாவல் இல்லை, கிறுகல் இல்லை.
பாலத்தின் நடுவில் இருத்தினோம்,
நண்டுக்காரனுக்குப் பக்கத்தில்.
கொப்பி என் மடியில்.
நம்பர் என்ன, என்றேன்.
பொறுங்க.
கீழே கடையில் யாரோ இருமல் பாணி கேட்கும் சத்தம்.
மறுபடி கேட்டேன்.
அசையுது, என்றாள்.

நண்டா? என்றான் மேகராசா
கதவடியில் நின்று, ஆசையாய்.

அவள் பதில் சொல்லவில்லை.
நம்பர் எழுதும் கட்டத்தில்
பேனையை வைத்தபடி
நான் இருந்தேன்.