சுங்கத்தின் வலது காது

புளியரை எஸ் வளைவில்
பரோட்டாக் கடைக்குப் பின்னால்
தலையை உதறுகிறது சுங்கம்.
ஈரத்துண்டைக் கல்லில் அடிக்கிற சத்தம்.
செக்போஸ்ட்டில் யாரோ இறக்கிவிட்டுப் போன நாய்,
அதனால் அந்தப் பெயர்.

இந்த வருஷம் மூன்றாம் தடவை.
மடலைத் தூக்கினால்
புளித்த மாவு வாடை,
காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு.

ஆரியங்காவு டாக்டர் லிஸியம்மா
"செவி" என்றார்.
எங்களுக்குச் செய்யுளில் மட்டும் கிடக்கிற சொல்
அவருக்கு அன்றாடம்.
உள்ளே குழாய் நேராக இல்லையாம்,
நம் மலைரோடு மாதிரி
இறங்கி, சட்டென்று ஒடித்துத் திரும்புமாம்.
பட்ஸ் விட்டால் அழுக்கு
வளைவுக்கு அப்பால் போய் உட்காருமாம்.

"போன தடவை மருந்து எத்தனை நாள்?"
மூன்று. வாடை போயிடுச்சே, டாக்டர்.
பேனாவை மூடினார்.
"வாடை முதலில் போகும்."

என்ன தின்கிறான் என்று பிறகுதான் கேட்டார்.
கடையில் மிஞ்சுவது.
கோழி.
எட்டு வாரம் நிறுத்திப் பார், என்றார்.

கணவாய் வழி வருகிற சாரலை
இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.
பாதிக் குற்றம் என் சட்டியில் இருக்கலாம்.

அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்:
நாய்க்கு எலும்பு போடாதீர்.
கொட்டாரக்கரை லோடு செல்லத்துரை மட்டும்
இன்னமும் மேஜைக்கடியில் கையை நீட்டுகிறார்.

பதினாலு நாள், காலையும் ராத்திரியும்
சொட்டு விட்டுக் காதடியைப் பிசைந்தேன்.
சளக், சளக்.

பாட்டிலைக் கண்டாலே
லாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
இந்தச் சனிக்கிழமை
வலது பக்கத்தைத் தானே சாய்த்துக் கொடுத்தது.
மூக்கை வைத்து முகர்ந்தேன்.
வெறும் நாய் வாடை.