காதுக் கணக்கு

ஐந்தே முக்காலுக்கு முரென் கதவைக் கீறும்.
முரென் என்றால் எங்கள் ஸ்லோவேனிய மொழியில் சிள்வண்டு.
குட்டியாக வந்த வாரம் ராத்திரியெல்லாம்
விடாமல் கத்தியதற்காக என் புருஷன் வைத்த பேர்.
அவன் இப்போது மாரிபோரில், வேறொருத்தியோடு.
பேர் இங்கேயே தங்கிவிட்டது.

மழை என்றால் தொப்பி. உறைபனி என்றால் முள் வைத்த பூட்ஸ்.
மற்றபடி தினமும் அதே ஏற்றம்:
மர அறுவை மில், ஓடை, பீச் மரச் சரிவு,
அதற்கும் மேலே ஸ்ப்ரூஸ் இருட்டு,
முடிவில் புனித ஆனாவின் பூட்டிய கோயில்.

ஓடையில் வெள்ளை மார்புக்காரன் ஒருவன் உண்டு.
கல்லின் மேல் நின்று
முழங்காலை மடக்கி மடக்கி வணக்கம் சொல்லிவிட்டுத்
தண்ணீருக்குள் நடந்தே போய்விடுவான்.
முரென் கரையில் நிற்கும்,
கடன் வாங்கியவன் பின்வாசல் வழியே போனதைப்
பார்த்துவிட்ட மாதிரி.

முப்பத்தொரு வருஷம் காகித ஆலையில், இரண்டாம் எந்திரத்தில்.
காதை அடைத்துக்கொள் என்றார்கள்.
அடைத்தால் பக்கத்தில் நிற்பவள் சொல்லும் வம்பு கேட்காது.
அடைக்கவில்லை.
ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார்:
இடப்பக்கம் சமவெளி, வலப்பக்கம் பள்ளத்தாக்கு.
"மேல் ஸ்தாயி போய்விட்டது மிலோய்கா,
பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை."
பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லைதான்.

குட்டி ராஜா என்று ஒரு பறவை.
ஐந்து கிராம் இருந்தால் அதிகம்.
உச்சந்தலையில் தீக்குச்சி உரசிய மாதிரி மஞ்சள்.
ஸ்ப்ரூஸ் நுனியில், ஊசிகளுக்குள் ஊசியாக.
கண்ணுக்கு அகப்படாது, காதுக்குத்தான் அகப்படும்.
மூன்று வசந்தமாக என் நோட்டில் அது இல்லை.
பட்டை வண்டு மரத்தைத் தின்றது, ராஜா குடிபெயர்ந்துவிட்டது என்று
கணக்கெடுக்க வந்த டீலெனிடம் காட்டுக்கு நடுவே நின்று புலம்பினேன்.
பையன் நல்லவன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"இப்போது தலைக்கு மேலேதான் பாடுகிறது."

அண்ணாந்தேன். மரம். வானம். மரம்.
குனிந்தபோது
முரெனின் இரண்டு காதும் அதே கிளைக்குத் திரும்பியிருந்தன.

அன்றிலிருந்து காட்டை அதன் காதில் படிக்கிறேன்.
ஒரு காது மட்டும் என்றால் மரங்கொத்தி, தூரத்தில்.
இரண்டும் மேலே, தலை லேசாகச் சாய்ந்தால் ராஜா.
காதோடு வாலும் சேர்ந்தால்
யாரோ சலாமி பிரிக்கிறார்கள்.

கணக்குப் படிவத்தில் இரண்டே கட்டம்: கண்டது, கேட்டது.
நான் ஓரத்தில் எழுதினேன்: நாய் கேட்டது.
டீலென் போன் செய்தான். அப்படி ஒரு கட்டம் கிடையாதாம்.
"பறவை இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்."
"இருக்கலாம், ஆனால்..."
ஆனாலுக்கும் அங்கே கட்டம் கிடையாது.
படிவத்தை அனுப்பவில்லை. நோட்டு என்னுடையது,
அதில் எவ்வளவு கட்டம் வேண்டுமானாலும் போடலாம்.

முரெனுக்கும் பதினொன்று ஆகிறது.
போன செவ்வாய்க்கிழமை, ராஜாவின் மரத்தடியில்,
காது அசையவில்லை.
கோயில் மணி ஏழடித்தது. மணி எனக்குக் கேட்கும்.
இன்னும் நின்றேன். பூட்ஸுக்குள் கால்விரல் மரத்தது.
அசையவில்லை.

பறவை இல்லையா, காது இல்லையா?

கோட்டுப் பைக்குள் கையை விட்டு
சலாமித் தாளின் ஒரு மூலையை, ஒரே ஒரு மூலையை,
மெல்லக் கசக்கினேன்.
இரண்டு காதும் எழுந்தன. வாலும்.

ஆக, ராஜா இன்றைக்கு ஊரில் இல்லை.
'இல்லை' என்று எழுதினேன்.
மூன்று வருஷத்தில் நான் நம்பி எழுதிய முதல் 'இல்லை'.
ஆளுக்குப் பாதியாகச் சலாமியைத் தின்றோம்.
அதற்குப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல்.

வாசனைக்கல்லவா எழுந்திருக்கும் என்பது
பாதி இறக்கத்தில்தான் தோன்றியது.
முரென் ஓடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.
திரும்பி ஏற மனமில்லை.
எழுதியது பென்சிலில்தான்.