அயிட்டம் நாற்பத்தொன்று

பள்ளத்தூரில் அந்த வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க
கமிஷனராக என்னைப் போட்டது கோர்ட்.
பதினேழு புள்ளி, ஒரே பூட்டு.
சாவி யாரிடம் என்பதற்கே
தனியாக ஒரு வழக்கு நடந்து
தள்ளுபடியாகியிருந்தது.

காசிம் ராவுத்தர் பூட்டை அறுத்தார்.
இரண்டாம் கட்டில் உள்ளறை திறந்ததும்
காடி வாடை.
மூக்கில் ஊசி ஏற்றியது மாதிரி.

"ஊறுகாய்ப் பரணி ஒடைஞ்சிருக்கும்" என்றார் தேனப்பன்.
"யாரோ உள்ள வந்துட்டுப் போயிருக்காக" என்றார் உமையாள்,
தேனப்பனைப் பார்க்காமல்
தேனப்பனைப் பற்றி.
சென்னை வக்கீல்
கைக்குட்டைக்குள்ளிருந்து ஆட்சேபித்தார்.

பரணி பத்து. எல்லாம் காலி, எல்லாம் முழுசு.
எனாமல் தூக்கு இருபத்திரண்டு.
பெட்டகத்தை நகர்த்தியபோதுதான்
அடியில் கறுத்துச் சப்பையாக ஒன்று.
தேள், தேள் என்று பின்வாங்கினார்கள்.
கொடுக்கில்லை.
வாலிருக்க வேண்டிய இடத்தில்
பழைய ரேடியோவின் ஏரியல் போல ஒரு சாட்டை.
நூலாக இளைத்த முன்காலிரண்டும்
தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தன,
கண் தெரியாதவர் பத்திரத்தைத் தடவுகிற மாதிரி.
காசிம் விளக்குமாற்றை நீட்டினார்.
சாட்டையின் அடியிலிருந்து ஒரு பீச்சல்.
என் கறுப்புக் கோட்டின் வலது கையில்.

கடிக்கவில்லை. கொட்டவில்லை.
அமிலம், அவ்வளவுதான்.
வராதே என்பதை
இத்தனை சுருக்கமாக
எந்த வக்கீலும் வாதாடிக் கேட்டதில்லை.

கிணற்றடிச் சுவரின் ஈரத்தில்
முடிக்கற்றை ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
விரல் நீட்டினேன்.
கற்றை கலைந்து நூறு ஜோடிக் கால்களாக ஓடியது.
சிலந்தி மாதிரி, ஆனால் சிலந்தி இல்லை.
விஷம் கிடையாது. வலை பின்னத் தெரியாது.
மிளகளவு உடம்பு,
அதைத் தூக்கிக்கொண்டு அலைய
அத்தனை நீளக் கால்.
ஒன்று மட்டும் ஓடவில்லை.
தன் விலாவில் அரும்பிய துளியைக்
காலால் தொட்டெடுத்து
என் விரலில் வைத்தது.
கைநாட்டு.
டிங்சர் வாடையில்.

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்
யார் தடையுமின்றிக் குடியிருந்தவர்க்கு
அனுபோக பாத்தியதை உண்டு என்று
சட்டம் சொல்லும். சொன்னால்
பதினேழு பேரும் என்மீது மனுப் போடுவார்கள்.
அறிக்கையில் இப்படி எழுதினேன்:
அயிட்டம் 41. வாடை, இரண்டு வகை.
மதிப்பு நிர்ணயிக்கப்படவில்லை.

தேவகோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் கூட்டம்.
வழக்கமாகக் காரைக்குடி தாண்டியதும்
ஒரு முழங்கை வந்து சேரும்.
தூங்குவதாக நடிக்கும் ஒரு தொடை.
இன்றும் ஒருவன் உட்கார்ந்தான்.
இழுத்து ஒரு மூச்சு விட்டான்,
எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.
அடுத்தவனும்.

காலி இடத்தில் கேஸ் கட்டை வைத்துவிட்டு
திறந்திருந்த ஜன்னலை
மூடினேன்.