ஆறு ஜிபி

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்திநாலு.
திருமதி ஹிரிட்சாக் வீட்டு பேஸ்மென்ட்டில்
ஃபர்னஸின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து
சீரியல் எண்ணைப் படமெடுக்கப் போனேன்.
இடமில்லை என்றது போன்.

எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளலாம்தான்.
ஆபீசில் டெரெக் படம் கேட்பான்,
தேதியோடு, நேரத்தோடு.
இல்லையென்றால் இக்னைட்டர் காசு
என் சம்பளத்தில்.

எதை அழிப்பது?
கையுறையைப் பல்லால் கழற்றி
தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
வால்வு. வால்வு. கருகிய வயர்.
யார் வீட்டு டக்டிலோ செத்துக் கிடந்த எலி.
கார் நிறுத்திய தூணின் எண், பி நான்கு;
அந்தக் காரை விற்றே மூன்று வருஷம்.
ஜோவன் முதுகில் வந்த தடிப்பு, நர்சுக்கு அனுப்பியது.
கடையிலிருந்து செலின் அனுப்பிய இரண்டு அரிசி மூட்டை,
கீழே, 'எது?'
நான் என்ன சொன்னேன் என்று படத்தில் இல்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம் படத்தில்
என் முகம் இருபதில் இருந்தால் அதிகம்.

டேட்டா பதினெட்டாம் தேதியே தீர்ந்துவிட்டது.
படிக்கட்டின் மேலே நின்று
வைஃபை பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னாள் திருமதி ஹிரிட்சாக்:
செத்த பூனையின் பெயர்,
அது பிறந்த வருஷம்.

மேகத்தில் ஏற்று என்று அழுத்தினேன்.
நம் புலவர்கள் மேகத்தைத் தூது விட்டார்கள்,
போய் அவன் மார்பின் மாலையை வாங்கி வா என்று.
நான் ஏற்றி அனுப்புவது
இரண்டு அரிசி மூட்டை, ஒரு எலி.
மேகம் முகம் சுளிக்கவில்லை.

ஒரு மணி நேரமாகுமாம்.
ஃபர்னஸைப் பற்றவைத்தேன்.
வாளியைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதி ஏறியபோது ஒரு கேள்வி வந்தது.
இரண்டு வட்டம். வட்டத்துக்கு ஒரு முகம்.
'இருவரும் ஒரே ஆளா?'
ஆம். இல்லை. தெரியவில்லை.

இடது வட்டத்தில் மரியஜான்,
நான் ஏறிய ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு,
பல் முப்பத்திரண்டும் தெரிய.
ஐந்து பேர் ஒரே பேஸ்மென்ட்டில் கிடந்த வருஷம் அது.
ஒரு ஜோடி ஸ்னோ பூட்சை
ஷிஃப்ட் பார்த்து மாற்றிப் போட்டோம்.
அவன் கால் சின்னது,
உள்ளே செய்தித்தாள் திணித்துக்கொள்வான்.

வலது வட்டத்திலும் அவன்தான்.
கன்னம் ஊதியிருக்கிறது, தாடி வேறு.
யாருடைய ஞானஸ்நான விருந்திலோ
கேக்கை எடுத்த படத்தின் ஓரத்தில்,
இந்தப் பக்கம் திரும்பாமல்.

இரண்டு முகத்துக்கும் நடுவில் எண்ணூறு டாலர்.
கொடுத்தேன் என்றான்.
கொடுக்கவில்லை என்றேன்.
விட்டுத் தொலையுங்கள் என்றாள் செலின்.
விட்டேன்; தொலையவில்லை.

கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை
மயிரிழை பிசகாமல் அளக்கும் இயந்திரம்,
அதற்கே சந்தேகம்.
எனக்கு மட்டும் ஏன் பார்த்ததும் தெரிந்தது?

பதில் சொல்லாமல்
அந்த வருஷத்துக்கே விரலைத் தள்ளிக்கொண்டு போனேன்.
ஒரு ஸ்கிரீன்ஷாட்.
மரியஜானிடமிருந்து வரவு: நானூறு.
குறிப்பு: 'மீதி வெள்ளிக்கிழமை.'
நானே எடுத்து வைத்தது.
சண்டை போட்ட அன்று
கார் நிறுத்துமிடத்தில், அத்தனை பேர் முன்னால்,
நானூறு என்ற எண்ணை
அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மேலே நாற்காலி நகர்ந்தது.
'சூடு வருது' என்று குரல்.

ஏறியவற்றைப் போனிலிருந்து நீக்கவா?
நீக்கு.
ஆறு ஜிபி விடுவிக்கப்பட்டது.
முதல் படம் ஃபிளாஷ் பட்டு வெளுத்துவிட்டது.
இரண்டாவதில் சீரியல் எண் சுத்தமாக விழுந்தது.
அந்த இரண்டு வட்டம் மட்டும் இன்னும் நிற்கிறது.
தெரியவில்லை என்று தொட்டேன்.
சரி, பிறகு கேட்கிறேன் என்றது.

வேனில் ஏறி ஏணிப் படத்தைத் திறந்தேன்.
திருமதி ஹிரிட்சாக்கின் பூனை
சுவரைத் தாண்டி வரவில்லை.
சாம்பல் நிறச் சதுரம், நடுவில் சுற்றும் வட்டம்.
ஏணியின் அடியில் யார் நிற்பது என்று
என்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வீடு ஆல்பர்ட் தெருவில்.
எஞ்சின் சூடாக
இன்னும் பத்து நிமிஷம்.